சிட்னி மேற்கில் வராட்டா வளர்ப்பது எப்படி: இரண்டு செடிகளைச் சாகடித்த அனுபவத்திலிருந்து

"வராட்டா வாங்கி வச்சிருக்கேம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "வறட்டியா? அங்க எதுக்குடா வறட்டி?"

வறட்டி இல்லை, வராட்டா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மலர். அரசாங்கக் கடிதத் தலைப்பில் சிவப்பாக ஒரு பூச்சின்னம் இருக்குமே, அதுதான். கைமுஷ்டி அளவுக்குத் திரண்ட செந்நிறப் பூ. அதைச் சுற்றிச் சிவப்பு இலைகள் தட்டுப் போல விரிந்திருக்கும். செப்டம்பரில் ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் வீட்டிலும் வைக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. டூங்காபியில் வீடு வாங்கிய முதல் வருடமே ஒன்று வாங்கி நட்டேன், செத்தது. இன்னொன்று வாங்கினேன், அதுவும் செத்தது. இரண்டுக்கும் சேர்த்து 90 டாலர் மண்ணோடு போனது. மூன்றாவது செடிதான் இப்போது என் உயரத்தைத் தாண்டி நிற்கிறது.

முதல் இரண்டையும் நான் கவனிக்காமல் விடவில்லை, அளவுக்கு மீறிக் கவனித்தேன். ஊரில் செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் செய்ததையெல்லாம் இதற்கும் செய்தேன். முதல் செடிக்கு எரு போட்டேன், இரண்டாவதற்குத் தினமும் தண்ணீர் போனது. வராட்டாவுக்கு இரண்டுமே எமன். நீங்கள் அந்த 90 டாலரை மிச்சம் பிடிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் அனுமதி, பிறகு மண்வெட்டி

சொந்த வீடு, சொந்தத் தோட்டம் என்றால் செடி நட யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஆனால் கடப்பாரை போடும் முன் 'பிஃபோர் யூ டிக்' சேவையில் இணையம் வழியாக ஒரு விண்ணப்பம் போடுங்கள். இலவசம். உங்கள் முகவரியைக் கொடுத்தால் கேஸ், மின்சாரம், தொலைத்தொடர்பு, தண்ணீர்க் குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்ற வரைபடங்களை அந்தந்த நிறுவனங்களே மின்னஞ்சலில் அனுப்பிவிடும். எனக்கு ஓரிரு நாளில் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு செடிக்கு இதெல்லாம் தேவையா என்று தோன்றும். நான் முதலில் தேர்ந்தெடுத்த இடத்துக்குக் கீழேதான் கழிவுநீர்க் குழாய் போகிறது என்பது அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

வாடகை வீடா? இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்குள்ள வாடகை விதிப்படி, 2 மீட்டருக்கு மேல் வளராத செடிகளை, ஏற்கெனவே இருக்கும் எதையும் பிடுங்காமல் நட அனுமதி கேட்டால், வீட்டுக்காரர் நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. வராட்டா 3 மீட்டர் வரைகூடப் போகும். அதனால் அந்தச் சலுகை இதற்குப் பொருந்தாது. ஏஜெண்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "வாய்ல சொன்னாரே" என்பது வீட்டைக் காலி செய்யும் நாளில் நீங்கள் கட்டிய முன்பணத்தை, அதாவது பாண்ட் பணத்தை, காப்பாற்றாது. என் யோசனை, வாடகை வீட்டில் பெரிய தொட்டியில் வையுங்கள். 40 செ.மீ. அகலமாவது இருக்கவேண்டும். போகும்போது கூடவே கொண்டுபோகலாம்.

பொது இடங்கள் எல்லா உரிமையாளர்களுக்கும் சேர்ந்த ஸ்ட்ராட்டா குடியிருப்பில் முற்றம் உங்களுடையதுபோல இருந்தாலும் மண் பொதுச்சொத்தாக இருக்கலாம். விதிப்புத்தகத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் கமிட்டிச் செயலாளரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. புதர்க்காட்டில் நடக்கப் போனபோது வராட்டாக் கன்று கண்ணில் பட்டது, பிடுங்கி வந்தேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். காட்டு வராட்டா சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி. பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. அப்படிப் பிடுங்கி வந்தாலும் பிழைக்காது என்பது வேறு விஷயம்.

2. இடம்: இரண்டு சோதனைகள்

வராட்டா மணற்பாறை மேடுகளில் வளர்ந்து பழகியது. மழை எவ்வளவு பெய்தாலும் சரசரவென்று வடிந்துவிடும் மண் அது, கொஞ்சம் புளிப்பும் உண்டு. டூங்காபி, பெண்டில் ஹில், பிளாக்டவுன், பென்ரித் எல்லாம் களிமண் பூமி. மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் ஓடு மாதிரி வெடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாமே.

முதல் சோதனை வடிகாலுக்கு. நடப்போகும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாவது தடவை நிரப்பியது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதுதான் கணக்கு. மணிக்கு 2 அல்லது 3 செ.மீ. இறங்கினால் பரவாயில்லை. நான் சாயங்காலம் ஊற்றியது மறுநாள் காலையில் அப்படியே நின்றது, குனிந்தால் முகம் பார்க்கலாம். உங்களுக்கும் அப்படியென்றால் குழியில் நடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 4-வது படியில் மேடு கட்டச் சொல்கிறேன்.

இரண்டாவது, மண்ணின் பிஎச் அளவு, அதாவது மண் புளிப்பா காரமா என்பது. தோட்டக்கடையில் சோதனைப் பெட்டி கிடைக்கும், நான் 24 டாலருக்கு வாங்கினேன். அரை ஸ்பூன் மண்ணைத் தட்டில் வைத்து, கூடவே வரும் திரவத்தைச் சில சொட்டு விட்டுக் குழைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தூவவேண்டும். ஒரு நிமிடத்தில் பொடி நிறம் மாறும். ஊதா என்றால் கார மண், பச்சை என்றால் நடுநிலை, மஞ்சளும் ஆரஞ்சும் புளிப்பு மண். வராட்டாவுக்கு 5.5 முதல் 6.5 வரை சரி. என் வீட்டுச் சுவரோரம் எடுத்த மண் பளிச்சென்று ஊதாவானது. பின்வேலிப் பக்கம் எடுத்தது இளம்பச்சை, கிட்டத்தட்ட 6.5. ஒரே தோட்டத்தில் ஏன் இப்படி? வீடு கட்டும்போது கொட்டிய சிமெண்ட்டும் காரையும் சுவரோர மண்ணில் கலந்திருக்கின்றன. அதனால் சுவரை ஒட்டியும் கான்கிரீட் நடைபாதையை ஒட்டியும் நடாதீர்கள். நான் முதல் செடியை வைத்தது சரியாக அங்கேதான், ஜன்னலைத் திறந்தால் தெரியவேண்டும் என்று.

வெயில் விஷயம் சுலபம். காலை வெயில் நன்றாக விழவேண்டும், பிற்பகல் மேற்கு வெயில் கொஞ்சம் மறைந்தால் நல்லது. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது. அந்த மாதிரி நாளில் எந்தச் செடிக்கும் ஒரு மறைப்பு வேண்டும்.

3. எந்தச் செடி, என்ன விலை

லேபிளில் டெலோப்பியா என்று இருக்கும், அதுதான் வராட்டாவின் தாவரப் பெயர். டெலோப்பியா ஸ்பெசியோசிஸ்ஸிமா என்று முழுதாக எழுதியிருந்தால் காட்டில் இருக்கும் அசல் இனம். பூ பிரமாதமாக இருக்கும், ஆனால் பிடிவாதக்காரச் செடி. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது 'ஷேடி லேடி' என்ற கலப்பினம். பூ கொஞ்சம் சிறியது, ஆனால் அரை நிழலையும் நாம் செய்யும் தப்புகளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உறைபனி விழும் மலைப்பகுதியில் இருப்பவர்கள் 'பிரெய்ட்வுட் பிரில்லியன்ட்' தேடலாம். வெள்ளை வராட்டாவும் உண்டு. சிவப்பை விட்டுவிட்டு அதை ஏன் வாங்கவேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை, அது உங்கள் விருப்பம்.

அளவைப் பொறுத்து விலை. விரல் உயர ட்யூப் கன்று 8 டாலர், 14 செ.மீ. தொட்டிச் செடி 28 முதல் 35 டாலர், பூவோடு நிற்கும் 20 செ.மீ. தொட்டி 55 டாலர். இவை நான் கொடுத்த விலைகள், கடைக்குக் கடை மாறும்.

பூவோடு இருப்பதை வாங்காதீர்கள். என் முதல் தப்பு அதுதான். பூவைப் பார்த்து மயங்கி வாங்கினேன். அது தொட்டிக்குள் வேர் சுருண்டு நெருக்கியடித்துக் கிடந்த செடி. நடுத்தர அளவுத் தொட்டியை எடுத்து, அடியில் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். வேர் வெளியே வந்து சுற்றியிருந்தால் வைத்துவிட்டு வேறு எடுங்கள். தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டு கிளம்பியிருந்தால் நல்ல செடி.

விதையிலிருந்து வளர்த்தால் பூக்க 5 வருடம்கூட ஆகும். தண்டுக்குச்சியிலிருந்து வந்த செடி என்றால் 2, 3 வருடம். ரசீதையும் லேபிளையும் பத்திரமாக வையுங்கள். சில கடைகளில் செடிக்கு ஒரு வருட உத்தரவாதம் உண்டு, ரசீது இல்லாமல் பேச்சே இல்லை. நான் இரண்டு தடவையும் தொலைத்தேன்.

4. மேடு கட்டுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

களிமண்ணில் குழி தோண்டி, அதில் நல்ல மண்ணை நிரப்பி நட்டால் என்ன ஆகும்? சுற்றிலும் தண்ணீர் வடியாத களிமண், நடுவில் பஞ்சு மாதிரி மண். மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து தேங்கும். நீங்கள் தோண்டியது குழி இல்லை, குண்டான். வேர் அதற்குள் ஊறி அழுகும். இந்த ஊர் மண்ணில் ஃபைட்டாப்தோரா என்று ஒரு வேரழுகல் கிருமி இருக்கிறது, ஈரம் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம். வராட்டா அதற்குச் சட்டென்று பலியாகும்.

அதனால் கீழே போகாமல் மேலே வாருங்கள். களிமண்ணைத் தோட்டவேலை முள்கரண்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி விடுங்கள், தோண்டி எடுக்கவேண்டாம். அதன்மேல் 40 செ.மீ. உயரத்துக்கு, குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் குவித்து மேடு கட்டுங்கள். ஊரில் மேட்டுப்பாத்தி போடுவது போலத்தான், வட்டமாக. ஓரத்துக்கு நான் நாலைந்து மணற்கல் துண்டுகளை அடுக்கினேன், மண் சரியாமல் நிற்கிறது.

எவ்வளவு மண்? மேட்டின் ஓரம் சரிவாக இருக்கும் என்பதால் சுமார் 300 லிட்டர் போதும். 25 லிட்டர் மூட்டை 11 டாலர் என்று 12 மூட்டை வாங்கினால் 132 டாலர். மண் விற்கும் யார்டில் அரை கன மீட்டர் எனக்கு 48 டாலருக்குக் கிடைத்தது. டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் அதுதான் லாபம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யார்டில் "கார்டன் மிக்ஸ்" என்று கேட்டால் கோழி எருவும் காளான் கம்போஸ்ட்டும் கலந்த கறுத்த மண்ணைப் போட்டுவிடுவார்கள். பார்க்க அவ்வளவு வளமாக இருக்கும், வராட்டாவுக்கு விஷம். காளான் கம்போஸ்ட்டில் சுண்ணாம்பு வேறு. "நேட்டிவ் மிக்ஸ், கோழி எரு கலக்காதது" என்று இரண்டு தடவை சொல்லி, கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கோழிக்கூண்டு வாடை வந்தால் வேண்டாம்.

5. நடும் மாதம்

மார்ச் பாதியிலிருந்து மே வரை. இங்கே அப்போது கோடை வெயில் தணிந்து, மண்ணில் சூடு மட்டும் மிச்சம் இருக்கும் காலம். அடுத்த கோடைக்குள் வேர் இறங்க ஆறு மாதம் கிடைக்கும். நான் முதல் செடியை நட்டது டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சும்மா இருக்கிறோமே என்று. ஜனவரியிலேயே இலை ஓரம் கருகிவிட்டது.

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொட்டியோடு தண்ணீர் வாளியில் ஊறவையுங்கள். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடவேண்டும். தண்டைச் சுற்றி மண் ஏறக்கூடாது. வேரை உதறிப் பிரிக்காதீர்கள், இதன் வேர்கள் மெல்லியவை, தொட்டாலே கோபித்துக்கொள்ளும். வேலியிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். மேலே 5 முதல் 7 செ.மீ. மூடாக்கு போடுங்கள், யூகலிப்டஸ் பட்டைத் தூள், காய்ந்த இலை எதுவானாலும் சரி. தண்டை ஒட்டி ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். அதன்பின் அந்த மேட்டில் கொத்துவது, கிளறுவது எல்லாம் கூடாது, வேர் மேலாகவே ஓடும்.

6. உரம்: மணிச்சத்துதான் வில்லன்

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பள்ளியில் படித்தோமே, இங்கே உர மூட்டையில் என், பி, கே என்று போட்டிருக்கும் மூன்று எண்கள் அவைதான். நடு எண் மணிச்சத்து. ஆஸ்திரேலிய மண்ணில் அது இயல்பிலேயே மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சுவதற்கென்றே வராட்டாவின் வேரில் புருசு மாதிரி அடர்ந்த கொத்துகள் உண்டு. பஞ்சத்தில் வாழப் பழகிய அந்த வேருக்கு முன்னால் கோழி எருவைக் கொட்டினால், நிறுத்தத் தெரியாமல் உறிஞ்சி, அதுவே நஞ்சாகி, இலை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும்.

கோழி எரு, எலும்புத்தூள், ரோஜா உரம், மீன் உரம் எதுவும் வேண்டாம். மாட்டெருவில் மணிச்சத்து கோழி எருவைவிடக் குறைவுதான், ஆனாலும் இளஞ்செடிக்குப் போடாதீர்கள். அம்மாவின் வறட்டிக்கும் இந்த வராட்டாவுக்கும் ஆகாது.

"நேட்டிவ்" என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் மூட்டையைத் திருப்பி நடு எண்ணைப் பாருங்கள். நான் 1-க்குக் கீழே இருப்பதைத்தான் வாங்குகிறேன். மெதுவாகக் கரையும் குருணை, 15 டாலர் பெட்டி இரண்டு வருடம் வருகிறது. நடும்போது எதுவும் போடவேண்டாம். வசந்தத்தில் பூ முடிந்ததும் ஒரு கைப்பிடி, மூடாக்குக்கு மேலே, தண்டுக்குத் தள்ளி. பெட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும்.

7. தண்ணீர்

இரண்டாவது செடியின் கதை இதுதான். ஏப்ரலில் சரியான பருவத்தில் நட்டேன், எரு போடவில்லை. ஆனால் குழியில் நட்டேன். ஜூனில் அம்மா ஊரிலிருந்து வந்தார். தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொம்பு, சாயங்காலம் குழாயில் ஒரு வாளி. நான் அலுவலகத்திலிருந்து வந்து, "அம்மா, குளிர்காலத்துல இதுக்கு தண்ணியே வேணாம்" என்பேன். "பச்சப்புள்ள மாதிரி வாடி நிக்குது, ஊத்தாம எப்படிடா இருக்கறது?" என்பார். வாடி நின்றது உண்மை. வேர் அழுகினாலும் செடி வாடும். தண்ணீர் இல்லாமல் வாடுவதும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, கையோடு உருவிக்கொண்டு வந்தது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, குண்டானில் நட்டவன் நான்.

விரலை மூடாக்குக்குக் கீழே இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஊற்றாதீர்கள். என் கணக்கு இப்படி: நட்ட முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் கோடையில் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு வாளி, மெதுவாக. இரண்டாவது கோடையில் வாரம் ஒன்று. குளிர்காலத்தில் மழையே போதும். முதல் இரண்டு கோடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காயவிட்டாலும் போய்விடும். 40 டிகிரி என்று முன்னறிவிப்பு வந்தால் காலையிலேயே ஊற்றிவிட்டு, நாலு குச்சி நட்டு ஒரு நிழல்வலையோ பழைய வெள்ளை வேட்டியோ கட்டிவிடுங்கள். நான் வேட்டிதான் கட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறேன் என்று நினைத்தார்.

சிட்னி வாட்டர் விதிப்படி குழாயிலோ ஸ்ப்ரிங்க்ளரிலோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது காலை 10 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின்தான். குழாய் முனையில், அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் விசை வைத்த மூக்கு இருக்கவேண்டும்.

8. முகம் வாடினால் எதைப் பார்ப்பது

பழைய இலை ஓரம் கருகினால் மணிச்சத்தோ வெயிலோ காரணம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, அநேகமாக மண் காரமாக இருக்கும். அயர்ன் கீலேட் என்று கேட்டு வாங்கிக் கரைத்து ஊற்றுங்கள். செடி முழுக்க வாடி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரழுகல். அதற்குப் பெரிதாக வைத்தியம் இல்லை.

மொட்டருகில் மரத்தூளும் பிசுபிசுத்த வலையும் தெரிந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அந்தக் கிளையைப் புழுவுக்குக் கீழே வெட்டிக் குப்பையில் போடுங்கள். மருந்தடிக்காதீர்கள், தேன் குடிக்கப் பறவைகள் வரும் பூ இது.

9. பூத்தபின் வெட்டுங்கள்

என் மூன்றாவது செடி மூன்றாவது வசந்தத்தில் பூத்தது. மே மாதத்தில் கிளை நுனியில் இலைகளுக்கு நடுவே ஒரு குண்டு மொட்டு. குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடந்தது. ஆகஸ்டில் தினம் ஒரு சுற்றுப் பெருத்து, செப்டம்பர் இரண்டாம் வாரம் விரிந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை. நூற்றுக்கு மேல் குட்டிப் பூக்கள், ஒவ்வொன்றும் தூண்டில் மாதிரி வளைந்து நெருக்கி அடுக்கியிருக்கும். காலை ஆறு மணிக்கே கழுத்தோரம் சிவப்புத் தொங்கல் உள்ள வாட்டில்பேர்ட் ஒன்று வந்து தலையை உள்ளே விட்டுக் குடிக்கும்.

பூ வாடத் தொடங்கியதும், அக்டோபர், நவம்பருக்குள், பூத்த கிளையைப் பாதிக்கு மேல் வெட்டவேண்டும். மனசு வராது. ஆனால் வெட்டாவிட்டால் செடி ஒல்லியாக மேலே போய் அடுத்த வருடம் எட்டாத உயரத்தில் ஒன்றிரண்டு பூக்கும். வெட்டினால் கீழிருந்து புதுக்கிளைகள் வரும், அடுத்த பூ அந்தக் கிளை நுனியில்தான். ஜனவரிக்கு மேல் வெட்டினால் அந்த வருட மொட்டு போய்விடும். தண்டுக்கடியில் கிழங்கு மாதிரி ஒரு தடித்த தூர் இருக்கிறது. காட்டுத்தீயில் மேலே எல்லாம் எரிந்தாலும் அதிலிருந்து தளிர்க்கும் செடி இது, கத்தரிக்குப் பயப்படாது. கத்தரியை மட்டும் முன்னும் பின்னும் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

பூ இருக்கும்போதே நீளக் காம்போடு வெட்டி வீட்டுக்குள் வைத்தால் கவாத்து வேலையும் முடிந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினால் பத்து நாள் தாங்குகிறது. முதல் பூவை வெட்டி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தவர், "அழகாத்தான் இருக்கு. ஆனா இத எப்படிடா தொடுக்கறது?" என்றார்.